பல்லுக்கு கிளிப் போட்டதுலேருந்து பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குறா, பாதியில மாத்தலாமா?

கும்பகோணம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 14 வயசு. சின்னதுலேருந்தே மேல் முன்பல்லு தூக்கலா இருக்கும், கீழ்வரிசை கொஞ்சம் நெரிசல். ஆறாவது வரைக்கும் அவளுக்கு அது ஒரு விஷயமாவே தெரியல, எட்டாவதுல தான் ஆரம்பிச்சுது, க்ளாஸ்ல ரெண்டு பசங்க தேங்கா துருவின்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க, அது அவ ஃப்ரெண்டு சொல்லித்தான் எனக்கே தெரியும், இவ வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல. சிரிக்கும்போது கையால வாயை மூடிக்குவா, போட்டோன்னா உதட்டை இறுக்கிக்குவா. அவளே வந்து கிளிப் போட்டு விடுங்கம்மான்னு கேட்டா. டாக்டர் அளந்து பார்த்து மேல்பல்லு 8 மில்லிமீட்டர் முன்னாடி இருக்குன்னு சொல்லி, மேல ரெண்டு கீழ ரெண்டு கடவாய்ப்பல் பக்கத்துல இருக்கிற பல்லை எடுத்துட்டு மெட்டல் கிளிப் போட்டாங்க. பல்லு எடுத்தா கண் பார்வை போயிடும்னு மாமியார் பெரிய ரகளை பண்ணாங்க, அதையும் சமாளிச்சாச்சு.

இப்ப பிரச்சனை என்னன்னா கிளிப் போட்டா சந்தோஷமா ஆயிடுவான்னு நெனச்சோம், அதுக்கு நேர் எதிரா இருக்கு. சிரிச்சா பல்லு எடுத்த இடத்துல ஓட்டை தெரியுது, கம்பி தெரியுது, சாப்பாடு மாட்டிக்குது. டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருது. சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு வரவே மாட்டேன்னுட்டா. போன்ல முன்னாடி கேமராவுல வாயை மட்டும் ஜூம் பண்ணி பாத்துட்டே உட்காந்திருக்கா. எனக்கு மூணு கேள்வி. பாதியில செராமிக் கிளிப்போ வெளிய தெரியாத, கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் அலைனரோ மாத்த முடியுமா? இல்ல இப்ப கழட்டிட்டு காலேஜ் போனப்பறம் போட்டுக்கலாமா? அப்புறம் இதுக்கெல்லாம் கவுன்சிலிங் கூட்டிட்டு போறது அதிகப்படியா? வீட்டுக்காரர் ஒன்றரை வருஷம் தானே, சரியாப் போயிடும்னு சொல்றாரு. எனக்கு மனசு கேக்கல.

ரெண்டு_பசங்க_அம்மா:

அக்கா, என் பெரியவனுக்கும் இப்ப கிளிப் இருக்கு. மத்ததெல்லாம் டாக்டர் யாராவது சொல்லட்டும், சாப்பாட்டைப் பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா ஸ்கூல்ல பாதி கூச்சம் சாப்பாட்டு நேரத்துல தான் வருது. கீரை, தேங்காத்துருவல், கறிவேப்பிலை இதெல்லாம் கம்பியில போய் சுத்திக்கும், அது யாராவது பாத்துட்டாங்கன்னா அன்னிக்கு பூரா வாயைத் திறக்க மாட்டாங்க. அதனால ஸ்கூல் டிபனுக்கு மட்டும் இட்லி, நெய் சாதம், பருப்பு சாதம், சின்னச் சின்னதா கிள்ளின சப்பாத்தி, முட்டை, இப்படி வைங்க. கீரை பொரியல் எல்லாம் ராத்திரி வீட்டுல. முறுக்கு, தட்டை, கரும்பு, முழு கொய்யா வேண்டவே வேண்டாம், பல்லுல ஒட்டியிருக்கிற பிராக்கெட் பிச்சுக்கிட்டு வந்துடும். பையில ஒரு குட்டி பவுச்சுல கைக்கண்ணாடி, பல்லு இடுக்குல விடுற குட்டி பிரஷ், கம்பி குத்தினா வைக்கிற மெழுகு, மூணும் போட்டுக் குடுத்துடுங்க. சாப்பிட்டதும் ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்கிட்டு குழாய்கிட்ட போய் வாயைக் கொப்பளிச்சு கண்ணாடி பாத்துட்டு வந்தா போதும், அதுக்கப்புறம் பயமில்லாம பேசுவாங்க. கண்ணாடி ரொம்ப முக்கியம், ஒண்ணும் ஒட்டலைன்னு தானே பாத்து தெரிஞ்சுக்கிட்டா தான் நிம்மதி.

தெத்துப்பல்_ரசிகன்:

தப்பா எடுத்துக்காதீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி யோசிக்கிறேன். நம்ம ஊர்ல தெத்துப்பல்லு ஒரு அழகுன்னு தான் சொல்வாங்க, எங்க அம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கு, ஒரு குறையும் இல்ல. இப்ப எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி பல்லு வேணும்னு நினைக்கிறாங்க, தெருவுக்கு தெரு டென்டல் கிளினிக், விளம்பரத்துல வர்ற வெள்ளைப் பல்லைப் பாத்து பாத்து நல்லா இருக்கிற புள்ளைங்களுக்கும் குறை இருக்கிற மாதிரி தோணிடுது. கிண்டல் பண்ணவனைத் திருத்தாம கிண்டல் வாங்குன புள்ளையோட பல்லைப் புடுங்குறது எனக்கு நியாயமாப் படல. கழட்டிடுங்கன்னு தான் நான் சொல்வேன்.

திருச்சி_பல்டாக்டர்:

நான் ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பல் வரிசை சரி பண்ற டாக்டர். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல தெத்துப்பல் நண்பருக்கு. நீங்க சொன்னதுல பாதி எனக்கு முழு சம்மதம். லேசா ஒரு பல்லு திரும்பியிருக்கு, கடிக்கிறதுல பிரச்சனை இல்ல, புள்ளைக்கும் அது உறுத்தல, அப்படின்னா நான் கிளிப் வேண்டாம்னு தான் அனுப்புவேன். ஆனா இந்தப் பொண்ணு கதை வேற. 8 மில்லிமீட்டர்ங்கறது நிறைய. சாதாரணமா மேல்பல்லு கீழ்பல்லை விட 2, 3 மில்லிமீட்டர் தான் முன்னாடி இருக்கும். 6-ஐத் தாண்டினாலே சிகிச்சை தேவைன்னு கணக்குல எடுக்கிற அளவு, ஏன்னா கீழ விழுந்தா, பந்து பட்டா, முதல்ல உடையறது அந்த முன்பல்லு தான், உதடு மூடி அதைக் காப்பாத்தறது இல்ல. அதனால இது அழகுக்காக மட்டும் பண்றது இல்ல. அந்தப் பொண்ணே கேட்டு போட்டுக்கிட்டா, அதையும் மறக்கக்கூடாது.

இப்ப அம்மாவுக்கு. பாதியில கழட்டுறது வேண்டவே வேண்டாம். நாலு பல்லு எடுத்தாச்சு, இப்ப நிறுத்துனா அந்த இடம் அப்படியே நிக்கும், பக்கத்துப் பல்லு சாயும், இப்ப அவளுக்கு எது உறுத்துதோ அது நிரந்தரமா ஆயிடும்.

அந்த ஓட்டை பத்தி அவகிட்ட யாராவது உக்காந்து விளக்கினாங்களான்னு தெரியல. எடுத்த பல்லோட இடம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இருக்கும். முதல் சில மாசம் மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பி போட்டு பல்லை ஒரே மட்டத்துக்குக் கொண்டு வருவோம், அப்ப ஓட்டை பெருசா மூடாது. அதுக்கப்புறம் தான் கனமான கம்பி போட்டு இடத்தை மூட ஆரம்பிப்போம், மாசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். வேகமா இழுக்க முடியாது, பல்லைச் சுத்தி இருக்கிற எலும்பு ஒரு பக்கம் கரைஞ்சு மறுபக்கம் புதுசா வளரணும், அதுக்கு உடம்பு எடுத்துக்கிற நேரம் அது. இதை அவளுக்கு சொல்லியே ஆகணும். இந்த ஓட்டை எப்ப மூடும்னு தெரியாம கண்ணாடி பாக்கிறவளுக்கும், பொங்கலுக்குள்ள பாதி மூடிடும்னு தெரிஞ்சு பாக்கிறவளுக்கும் ரொம்ப வித்தியாசம். அடுத்த தடவை போறப்ப அவளையே டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, நீங்க கேக்காதீங்க. மொதல் நாள் எடுத்த போட்டோவும் பல்லோட அச்சும் கிளினிக்ல இருக்கும், அதை எடுத்து பக்கத்துல வச்சு காட்டச் சொல்லுங்க. தினம் பாக்கிறவங்களுக்கு மாற்றம் தெரியாது.

கிளிப் போட்ட புதுசுல மனசு கீழ போறது உங்க பொண்ணுக்கு மட்டும் நடக்கிறது இல்ல. பல ஆய்வுல திரும்பத் திரும்ப வந்த விஷயம், முதல் சில வாரம் சாப்பிடறது, பேசறது, தூக்கம், மனசு எல்லாமே சிகிச்சைக்கு முன்னாடி இருந்ததை விட மோசமாகும், அப்புறம் மெல்ல ஏறும், முடிஞ்சப்பறம் பழைய நிலையைத் தாண்டி நல்லா இருக்கும். வலியும் கம்பி மாத்தின மறுநாள் தான் உச்சம், ஒரு வாரத்துல அடங்கிடும். டெஸ்ட்டு, பேச்சுப்போட்டி இருக்கிற வாரத்துல கம்பி மாத்த வேண்டாம்னு கேட்டு வாங்கலாம், எந்த டாக்டரும் மறுக்க மாட்டாங்க.

செராமிக்குக்கு மாத்த முடியும். ஆனா அது உடையக்கூடியது, கழட்டும்போதும் கவனமா இருக்கணும், செலவும் கூட. நம்ம ஊர் சாப்பாட்டுக்கு இன்னொரு சிக்கல், செராமிக் கலர் மாறாட்டியும் அதைச் சுத்திப் போடுற கண்ணாடி மாதிரி ரப்பர் வளையம் ரெண்டு வேளை சாம்பாருக்கு மஞ்சளாயிடும், அப்புறம் கிளிப் மஞ்சளா இருக்குன்னு புதுசா ஒரு கவலை. மெட்டல்லயே அந்த வளையத்தைச் சாம்பல் கலர்ல கேட்டா கண்ணுக்கு அடங்கி இருக்கும். சில புள்ளைங்க ஊதா, நீலம்னு அவங்களா தேர்ந்தெடுப்பாங்க, ஒவ்வொரு தடவையும் மாத்துவாங்க. வாய்க்குள்ள நடக்கிற இத்தனை விஷயத்துல அவங்க கையில இருக்கிற ஒரே முடிவு அது தான், அதனால நான் எப்பவும் அம்மாவைக் கேக்காம புள்ளையைத் தான் கேப்பேன். அலைனர் ஒரு நாளைக்கு 20லேருந்து 22 மணி நேரம் போட்டிருக்கணும், நாலு பல்லு எடுத்த கேஸ்ல இடத்தை மூட அது கடினம், உங்க பொண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடைசியா முக்கியமான ஒண்ணு. பல்லு எவ்வளவு கோணலோ அவ்வளவு மனவருத்தம்னு நாம நினைக்கிறோம், அப்படி இல்ல. ரொம்ப தூக்கலான பல்லோட கவலையே இல்லாம சுத்துற புள்ளையும் உண்டு, அரை மில்லிமீட்டர் திருப்பத்துக்கு அழற புள்ளையும் உண்டு. இதை அளக்கவே 2006-ல கிளாகஸ்ங்கறவரோட குழு ஜெர்மனியில 23 வரி கொண்ட ஒரு கேள்வித்தாள் பண்ணாங்க, பிடாக்னு சொல்வோம். பல்லு தெரியாம இருக்க சிரிப்பை அடக்குறியா, போட்டோவுல உன் பல்லைப் பாக்கப் புடிக்கலையா, மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு கவலையா, இப்படி இருக்கும். அப்புறம் பிரிட்டன்ல கார்டிஃப்ல 1981-ல 11, 12 வயசுல இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பசங்களைப் பாத்து, அதுல ஒரு பகுதிப் பேரை 20 வருஷம் கழிச்சு திரும்பப் பாத்தாங்க. சின்ன வயசுல கிளிப் போட்டவங்களுக்கு பல்வரிசை நல்லா இருந்துச்சு, ஆனா ஆரம்பத்துல இருந்த தன்மதிப்பைக் கணக்குல எடுத்துப் பாத்தா, பெரியவங்களானப்பறம் மன ஆரோக்கியத்துல கிளிப்பால வந்த லாபம் ரொம்பக் கம்மி. கிளிப் போடறது என் தொழில், இருந்தாலும் இதை ஒவ்வொரு பெத்தவங்ககிட்டயும் சொல்றேன். கிளிப் பல்லைச் சரி பண்ணும். கிண்டல் விட்டுட்டுப் போன காயத்தைத் தனியா கவனிக்கணும், கிளிப் கழட்டுற நாள் வரைக்கும் அதுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதனால கவுன்சிலிங் அதிகப்படி இல்ல.

லண்டன்_யாழ்ப்பாணத்தான்:

வணக்கம் தங்கச்சி. டாக்டர் கடைசியா சொன்னதை நாங்கள் வீட்டில அனுபவிச்சனாங்கள், அதுதான் எழுதுறன். இஞ்ச 18 வயசுக்குள்ள பிள்ளையளுக்கு என்.எச்.எஸ் எண்ட அரசாங்க மருத்துவ சேவையில இலவசமா பிரேஸ், அதான் கிளிப், போடுவினம், ஆனா எல்லாருக்கும் இல்ல. எவ்வளவு தேவை எண்டு பார்த்து அஞ்சு தரமா பிரிச்சு வைச்சிருக்கினம், நாலும் அஞ்சும் எண்டால் கிடைக்கும், மூண்டு எண்டால் வடிவான பல்லில இருந்து வடிவில்லாத பல்லு வரைக்கும் பத்துப் படம் இருக்கிற ஒரு அட்டையில வைச்சுப் பார்த்து ஆறாவது படமோ அதுக்கு மேலயோ இருந்தால்தான் கிடைக்கும். எங்கட மகனுக்கு மூண்டாம் தரம், படமும் ஆறு வரேல்ல. உனக்குத் தேவையில்ல எண்டு நல்ல மாதிரித்தான் சொல்லி அனுப்பினவை, ஆனா அவனுக்கு அது வேற மாதிரிப் பட்டிட்டுது, பல்லு வடிவில்ல எண்டு தனக்குத் தெரியுது, ஆனா ஒருத்தரும் நம்பினம் இல்ல எண்டு. கொரோனா நேரம் எல்லாரும் மாஸ்க் போட்டவை தானே, மற்றப் பிள்ளையள் கழட்டின பிறகும் இவன் கழட்டேல்ல. ஆரோடயும் கதைக்க மாட்டான்.

காசு குடுத்துப் போடுவம் எண்டு மனிசி சொன்னவ. ஆனா முதல்ல பள்ளிக்கூடத்திலயே ஒரு கவுன்சிலரோட கதைக்க விட்டனாங்கள். அவ பல்லைப் பற்றிக் கனக்கக் கேக்கேல்ல, ஆர் சிரிச்சது, எப்ப, அந்த நேரம் நீ எங்க நிண்டனி எண்டு தான் கேட்டவவாம். பிறகு மெல்ல மெல்ல மாஸ்க்கை முதல்ல லைப்ரரியில, பிறகு ஒரு கூட்டாளியோட, பிறகு வகுப்பில எண்டு கழட்டப் பழக்கினவை. இப்ப அவனுக்கு 16. பிரேஸ் போடேல்ல, இப்போதைக்கு வேண்டாம் எண்டு அவனே சொல்லிப்போட்டான். போட்டோவுக்கு இப்பவும் சில நேரம் வாயை மூடிக்கொண்டு தான் நிப்பான், ஆனா பள்ளிக்கூட விவாதக் குழுவில இருக்கிறான். பல்லு அதே பல்லுத்தான்.

மூன்றாம்_ஆண்டு_மெக்கானிக்கல்:

அக்கா நான் பத்தாவதுலேருந்து பன்னிரண்டாவது வரை கிளிப் போட்டிருந்தேன், உங்க பொண்ணு இடத்துலேருந்து சொல்றேன். முதல்ல எங்களுக்கு புடிக்காத வார்த்தை, அதெல்லாம் ஒண்ணும் தெரியல, நல்லா தான் இருக்கே. தெரியுதுன்னு எங்களுக்கே தெரியும், நீங்க தெரியலைன்னு சொன்னா, சரி இவங்ககிட்ட இதைப் பத்திப் பேச முடியாதுன்னு முடிவு பண்ணிடுவோம். எங்க அக்கா மட்டும் ஆமாடா தெரியுது, இன்னும் கொஞ்ச நாள் தெரியும்னு சொல்லுவா, அவகிட்ட தான் எல்லாத்தையும் சொல்வேன். அப்புறம் சொந்தக்காரங்க. கல்யாண வீட்டுல வாயைத் திறந்து காட்டு எங்க பாப்போம், எவ்வளவு ஆச்சு, ஏன் பல்லைப் புடுங்குனீங்க, இது நாலு பேர் முன்னாடி நடக்கும். ஸ்கூல் கிண்டலை விட எனக்கு அது தான் அதிகம் வலிச்சுது, ஏன்னா திருப்பிப் பேச முடியாது. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வரலைன்னா பெரும்பாலும் அதுக்குத்தான் இருக்கும். நீங்க முன்னாடியே உங்க பக்கத்து ஆளுங்களுக்கு போன் போட்டு, அவ பல்லைப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்காதீங்கன்னு சொல்லிடுங்க, அதை அவளுக்கும் தெரியப்படுத்துங்க.

கேமரா ஜூம் நானும் பண்ணிருக்கேன். போனை முகத்துக்குப் பக்கத்துல வச்சா மூக்கும் வாயும் இருக்கிறதை விட பெருசா தான் தெரியும், கிட்டத்துல எடுத்தா அப்படித்தான், கை நீளத்துக்கு மேல தள்ளி வச்சு எடுத்தா உண்மையான அளவு வரும். இதை ஒரு தடவை ரெண்டு தூரத்துலயும் எடுத்துக் காட்டுங்க, நாங்க சயின்ஸ் சொன்னா நம்புவோம். கிளிப் கழட்டியும் முடியாது, பல்லை அதே இடத்துல பிடிச்சு வைக்கிற ரிட்டெய்னர் போடணும், விட்டா பல்லு பழையபடி நகரும், நான் இன்னிக்கும் ராத்திரி போட்டுட்டு தான் தூங்குறேன். அதையும் இப்பவே சொல்லி வைங்க, கழட்டின அன்னிக்கு தெரிஞ்சா ஏமாத்திட்டீங்கன்னு தோணும்.

அரசுப்பள்ளி_டீச்சர்:

பல்லைப் பத்தி நிறைய வந்துடுச்சு, அந்த ரெண்டு பசங்களைப் பத்தி யாரும் பேசல. தெத்துப்பல் தம்பி சொன்னதுல, கிண்டல் பண்ணவனைத் திருத்தணும்ங்கற அந்த ஒரு வரி சரி. பிரிட்டன்ல 2011-ல வந்த ஒரு ஆய்வுல கிளிப் போட வந்த 10லேருந்து 14 வயசுப் பசங்கள்ல நூத்துக்கு ஏறக்குறைய 13 பேர் ஸ்கூல்ல கொடுமைக்கு ஆளானவங்கன்னு படிச்சிருக்கேன், நம்ம க்ளாஸ்ல உக்காந்து பாத்தா அது ஆச்சரியமா இல்ல. வகுப்பாசிரியரைத் தனியாப் பாத்து சொல்லுங்க, பேரோட சொல்லுங்க, ஆனா ரெண்டு நிபந்தனை வைங்க. க்ளாஸ் முன்னாடி அந்தப் பசங்களைத் திட்டக்கூடாது, உங்க பொண்ணைப் பேர் சொல்லி எழுப்பக்கூடாது. அப்படிப் பண்ணா பட்டப்பேரு க்ளாஸைத் தாண்டி ஸ்கூல் பூரா பரவிடும். அந்தப் பசங்களைத் தனித்தனியா கூப்பிட்டுப் பேசணும், பெத்தவங்களையும் கூப்பிடணும், சாப்பாட்டு நேரத்துல உங்க பொண்ணு உக்கார்ற பக்கம் ஒரு டீச்சர் நடமாட்டம் இருக்கணும். வாய்விட்டு வாசிக்கச் சொல்றப்ப அவ தயங்கினா கொஞ்ச நாள் விட்டுடணும், ஆனா நிரந்தரமா விடக்கூடாது, ரெண்டு மூணு பேரோட சேர்ந்து வாசிக்க வைக்கலாம். ஸ்கூல்ல கேக்கலைன்னா தமிழ்நாடு பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இருக்கு, குழந்தைங்களுக்கான 1098 இருக்கு.

இன்னொண்ணு, செலவால தயங்குறவங்க இதைப் படிச்சா அவங்களுக்காக. சென்னையில தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, புதுக்கோட்டையிலயும் 2023-ல ஒண்ணு தொடங்கிட்டாங்க, வெளியில ஆகுறதை விட ரொம்பக் கம்மி. என் மாணவி ஒருத்தி சென்னைக்குப் போய் தான் போட்டுக்கிட்டா, கூட்டமும் காத்திருப்பும் இருக்கும், வேலை நல்லா இருக்கு.

கும்பகோணம்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எல்லாத்தையும் அவருக்கும் படிச்சுக் காட்டினேன். கழட்டுற பேச்சை விட்டாச்சு. கல்யாண வீட்டுக்காரங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன், சித்தி கொஞ்சம் கோச்சுக்கிட்டாங்க, பரவாயில்ல. அவகிட்ட சொன்னப்ப ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு என்ன டிரெஸ் போடுறதுன்னு கேட்டா. டாக்டர், ஒரு சந்தேகம். கவுன்சிலிங் வேணும்னு சொன்னீங்க, எவ்வளவு தூரம் போனா உடனே கூட்டிட்டுப் போகணும், எவ்வளவு வரைக்கும் பாத்துட்டு இருக்கலாம்?

திருச்சி_பல்டாக்டர்:

கூச்சம், போட்டோ வேண்டாம்ங்கறது, கம்பி மாத்தின வாரம் எரிச்சல், இதெல்லாம் பாத்துட்டு இருக்கலாம், பேச்சுக் குடுத்துப் பாக்கலாம். ஆனா வலி அடங்கின பிறகும் சாப்பாடு குறைஞ்சுட்டே போய் எடை இறங்குது, ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு தொடர்ந்து சொல்றா, முன்ன புடிச்ச விஷயம் எதுலயும் மனசு போகல, தூக்கம் கெட்டுப் போச்சு, மணிக்கணக்குல கண்ணாடி, இதுல எது ரெண்டு வாரம் நீடிச்சாலும் மனநல டாக்டர் ஒருத்தரைப் பாத்துடுங்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல அந்தப் பிரிவு இருக்கு. நான் இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தா ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க, அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, ராத்திரியா இருந்தா டெலிமானஸ்ங்கற மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. உங்க பல் டாக்டர்கிட்டயும் சொல்லி வைங்க, நாங்க மாசா மாசம் பாக்கிறோம், நாற்காலியில உக்காந்தா புள்ளைங்க அம்மாகிட்ட சொல்லாததையும் சில நேரம் எங்ககிட்ட சொல்லிடுவாங்க.